மாமனாரின் கையெழுத்து

பேக்கரிக்காரர் தன் வக்கீலை மாற்றியே தீருவதென்று முடிவு செய்துவிட்டார். சிக்கல் ஒன்றுதான். அந்த வக்கீல் அவருடைய மாமனார்.

பக்கத்துக் கடைக்காரன் மாட்டிய ராட்சத விளம்பரப் பலகை பேக்கரியை மறைத்து மூன்று வருடமாகிறது. வழக்கும் அதே மூன்று வருடமாக நடக்கிறது. அது இறங்காவிட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். எப்படி வாதாட வேண்டும் என்று தினமும் காலை ஆறு மணிக்கே போய் மாமனாருக்கு இரண்டு மணி நேரம் விளக்குவார். பத்தாவது நிமிடத்தில் மாமனார் குறட்டை விடுவார்.

"என் முன்னாடியே தூங்கறவர் ஜட்ஜ் முன்னாடி முழிச்சிருப்பாரா? நீயே உங்கப்பாகிட்ட பக்குவமா சொல்லேன்."

"எங்கப்பாவை நிறுத்திப் பாருங்க. அப்புறம் வீட்டுல யார் சமைக்கறாங்கன்னு பார்க்கலாம்," என்றாள் மனைவி.

பேக்கரிக்காரர் ரகசியமாக ஒரு புது வக்கீலம்மாவைப் பிடித்தார்.

"யார் வாதாடணும்கறது உங்க உரிமை. ஆனா ஆட்சேபனை இல்லைன்னு பழையவர் கையெழுத்துப் போடணும்," என்றார் அவர்.

மாமனார் எதையும் படிக்காமல் கையெழுத்திடுபவர். விசாரணை நாள் காலையில், மற்ற தாள்களுக்கு நடுவே வக்கீலம்மா கொடுத்த தாளைச் செருகிப் பேக்கரிக்காரர் நீட்டினார். அன்றைக்கென்று பார்த்து மாமனார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தார். மூன்றாவது தாளைத் தொட்டதும் பேக்கரிக்காரர் வெடுக்கென்று பிடுங்கினார்.

"இது கேக் ஆர்டர், மாமா!"

கோர்ட்டில் வழக்கை அழைத்ததும் மாமனாரும் எழுந்தார், வக்கீலம்மாவும் எழுந்தார்.

"உங்களுக்கு யார் வேணும்?" என்றார் நீதிபதி.

அப்பா வாதாடுவதைப் பார்க்க வந்திருந்த மனைவி முறைத்தாள். பேக்கரிக்காரரின் விரல் வக்கீலம்மா பக்கம் போனது. மாமனார் அந்தத் தாளை வாங்கிக் கையெழுத்திட்டு, வழக்குக் கட்டை வக்கீலம்மாவிடம் கொடுத்துவிட்டு, குனிந்த தலையோடு வெளியேறினார். அவர் தோள்கள் குலுங்கின.

கட்டைப் பிரித்த வக்கீலம்மா அசந்துபோனார். "அத்தனை ஆதாரமும் தயாரா வெச்சிருக்காரே!"

அதை வைத்தே அவர் வாதாடினார். பலகையை இறக்கச் சொல்லி அன்றே உத்தரவாயிற்று! துள்ளிக் குதிக்க வேண்டிய பேக்கரிக்காரர் தன்னையே நொந்துகொண்டார். இப்படிப்பட்ட மனிதரையா அவமானப்படுத்தினோம்? மன்னிப்புக் கேட்க வராந்தாவுக்கு ஓடினார். மாமனாரின் குமாஸ்தா எதிரே வந்தார்.

"மாமா ரொம்ப அழறாரா?"

"அழறாரா? சிரிப்பை அடக்க முடியலை, சார்! உங்க காலை ஆறு மணிப் பாடம் அவருக்குத் தாங்கலை. ஆனா ஏத்துக்கிட்ட கட்சிக்காரரை நாமளா கைவிடக் கூடாது, அவரா போனாத்தான் உண்டுன்னு மூணு வருஷமா குறட்டை விட்டு நடிச்சே அவருக்குத் தொண்டை கட்டிப்போச்சு!"