வழுவழுப்பான வெள்ளம்

கரிகாலன் கல்லணை கட்டியதற்குப் பிறகு காவிரிக்கு நடந்த ஒரே நல்ல காரியம், நான் எழுதிய நிரல்தான். கரிகாலன் தண்ணீரைத் தடுத்தான். கல்லும் ஆளும் இருந்தால் அது யாராலும் முடியும். நான் அந்தத் தண்ணீருக்கு நிறம் கொடுத்தேன்.

என் பெயர் அன்புச்செல்வன். தில்லை நகரில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் இயங்கும் ‘உலகளாவிய’ மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கீழே பல் பிடுங்கும்போதுதான் மேலே எங்கள் ஆலோசனைக் கூட்டங்கள் நடக்கும். முனகல் எந்த மாடியிலிருந்து வருகிறது என்பதில் புதிதாக வருபவர்களுக்குச் சற்றுக் குழப்பம் ஏற்படுவதுண்டு.

போன வருடம் அழகிரி என்பவர் எங்களைத் தேடி வந்தார். காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருப்பவர். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரத் தெருக்களின் நலச் சங்கத்துக்குச் செயலாளர். சுருக்கமாகப் பேசினார்.

“ஆத்துல தண்ணி ஏறுனா எங்க ஜனங்களுக்கு போன்ல தெரியணுங்க. பச்சைன்னா வீட்ல இரு. மஞ்சள்னா மூட்டையைக் கட்டு. சிவப்புன்னா கிளம்பு. அவ்வளவுதான்.”

அவர் போன பிறகு எங்கள் முதலாளி ஸ்ரீநிவாஸ் சார் ஜன்னலுக்கு வெளியே கை காட்டினார்.

“மூணு கலர் சாஸ்திரி ரோடு சிக்னல்லயே இருக்கு,” என்றார். “அதுக்கு நாம எதுக்கு? நாம குடுக்கப்போறது தகவல் இல்ல, அன்பு. அனுபவம்.”

அந்தக் கணத்தில் மூன்று வண்ணங்கள் பதினொன்றாகப் பெருகின. அவற்றுக்குப் பெயர் சூட்டுவதற்கென்றே தொடர் கூட்டங்கள் நடந்தன. ‘அபாயச் சிவப்பு’ என்பது பயனரின் மனத்தில் எதிர்மறை எண்ணத்தைத் தூண்டும் என்று கருதப்பட்டு, ‘அந்திச் செம்மை’ ஆனது. நீர்மட்டம் எத்தனை அடி என்று மூலையில் காட்டிக்கொண்டிருந்த எண்ணும் ஒருமனதாக நீக்கப்பட்டது. அது வண்ணத்தை மறைத்தது.

பதினொரு வண்ணங்களும் ஒன்றில் ஒன்று கரைந்தபடி திரை முழுக்க ஓட வேண்டும். அதைச் செய்வது ஷேடர் என்னும் சிறு நிரல். திரையிலுள்ள லட்சக்கணக்கான புள்ளிகளில் ஒவ்வொன்றும், தனக்கு என்ன நிறம் என்று நொடிக்குப் பல தடவை அதனிடம் வந்து கேட்கும். என் முதல் நிரல் கடமையுணர்ச்சி மிக்கது. வந்த புள்ளியை நிறுத்திவைத்து, “நீ பச்சைக்கும் கிளிப்பச்சைக்கும் நடுவிலா? இல்லையென்றால் கிளிப்பச்சைக்கும் எலுமிச்சைக்கும் நடுவிலா?” என்று கடைசி வண்ணம்வரை விசாரித்துத்தான் அனுப்பும். எந்தத் தாலுகா அலுவலகமும் இவ்வளவு முறையாக ஒருவரை விசாரித்ததில்லை.

சோதனைக்காக அழகிரியின் போனில் ஏற்றிக் கொடுத்தோம். மறுநாளே கூப்பிட்டார்.

“சட்டைப் பையில வெச்சா நெஞ்சு சுடுதுங்க. டாக்டர்கிட்ட போயிட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, உங்க ஆப்பு.”

என் பக்கத்து இருக்கையில் சகாயராணி இருக்கிறார். எங்கள் இருவரில் வேலை தெரிந்தவர். என் நிரலைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“ஏன் அன்பு ஒவ்வொரு புள்ளியையும் இந்தப் பாடு படுத்துறீங்க? போன் சூடாகாம என்ன செய்யும்? பதினொரு கலரையும் ஒரு ரிப்பன் மாதிரி ஒரே தடவை வரைஞ்சு வெச்சிடுங்க. புள்ளி வந்து தன் இடத்துல என்ன கலர் இருக்கோ அதை எடுத்துக்கிட்டுப் போயிடும். ரெண்டு கலருக்கு நடுவுல நின்னா போனே கலந்து குடுத்துடும். கேள்வியே வேண்டாம்.”

அன்று மாலைக் கூட்டத்தில், எனக்கு இப்படியொரு யோசனை உதித்திருப்பதாக அறிவித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். சகாயராணியும் தட்டினார், கொஞ்சம் மெதுவாக.

போன்கள் குளிர்ந்தன. ஆனால் மலிவான போன்களில் வண்ணத்துக்கு வண்ணம் மெல்லிய கோடு தெரிந்தது. கலப்பு வழுவழுவென்று இல்லாமல், பட்டை பட்டையாக நின்றது. எங்கள் தொழிலில் இதைவிட அவமானம் கிடையாது. அழகிரிக்கு மட்டும் அது பிடித்துப்போயிற்று.

“கோடு தெரியறது நல்லதுதாங்களே? இந்தக் கோட்டைத் தாண்டுனா கிளம்புன்னு சொல்லிடலாம்.”

“அது கோடு இல்லைங்க,” என்றேன். “குறை.”

அவர் பாமரத்தனத்தை மன்னித்து, ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் கண்ணுக்குத் தெரியாத அளவு தாறுமாறாகக் கலைத்துவிட்டேன்; தொழிலில் இதற்கு ‘இரைச்சல் தூவுவது’ என்று பெயர். கோடுகள் மறைந்தன. பச்சை எங்கே முடிகிறது, சிவப்பு எங்கே தொடங்குகிறது என்று பூதக்கண்ணாடி வைத்தாலும் சொல்ல முடியாது. ஸ்ரீநிவாஸ் சார் திரையைத் தடவிப் பார்த்து, “வெண்ணெய்,” என்றார்.

ஆடி முடியும் சமயம் மேட்டூர் நிரம்பியது. உபரி நீர் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திரும்பியது. நான் குடியிருப்பது அதே கரையோரத் தெருவில், ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில். முன்னறையில் என் மனைவி பானுப்ரியா ரவிக்கை தைக்கிறாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. தெருவில் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, கரையோர மக்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போகும்படி சொல்லிக்கொண்டே போனார்கள். ஒரே குரல், ஒரே சுருதி. நளினமான மாற்றம் என்பதே அதில் இல்லை.

“ஏங்க, கிளம்பலாமா?” என்றாள் பானு. “மெஷினையாவது மாடிக்கு ஏத்துவோம். முகூர்த்தத் துணியெல்லாம் கீழயே கிடக்கு.”

“பொறு பானு. ஆப்பைப் பார்த்துடலாம்.”

திறந்தேன். என்னை மறந்தேன். அடியில் தேன்நிறம், மேலே மாதுளை, நடுவில் பெயரே இல்லாத ஏதோ ஒன்று மிதந்து போய்க்கொண்டிருந்தது.

“என்ன கலரு?”

“செம்மஞ்சள்லேர்ந்து சிவப்புக்குப் போற வழியில இருக்கு.”

“அது போகட்டும். நாம போகணுமா வேண்டாமா?”

“அப்படிப் பிரிச்சுப் பார்க்கக் கூடாது. அது ஒரு தொடர்ச்சி.”

பக்கத்து வீட்டு ரத்தினவேல் வந்தார். பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் போன். பின்னால் தெருக்காரர்கள் சிலர் பைகளோடு நின்றார்கள்.

“தம்பி, நீங்க செஞ்சதுதானே இது. இப்ப இது சிவப்பா?”

“இன்னும் இல்லைங்க.”

“அப்ப மஞ்சளா?”

“மஞ்சளைத் தாண்டியாச்சுங்க.”

“வீட்ல அவளுக்குச் சர்க்கரை. சட்டுனு நடக்க முடியாது. அதான் கேக்கறேன்.”

“எது எங்க ஆரம்பிக்குதுன்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க. அவ்வளவு நுணுக்கமா செஞ்சிருக்கோம். போனைத் தொட்டுப் பாருங்க, சூடே இல்ல.”

அவர் தொட்டுப் பார்த்தார். “ஆமா, ஜில்லுனு இருக்கு,” என்று நிம்மதியோடு வீட்டுக்குத் திரும்பினார். மற்றவர்களும் பைகளைக் கீழே வைத்தார்கள். நான் மறுபடி திரையைப் பார்க்க உட்கார்ந்தேன்.

தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. பாத்ரூம் சாக்கடை வழியாக, உள்ளிருந்து வந்தது.

“ஏங்க, கால் நனையுது,” என்றாள் பானு.

மாதுளை சற்றே கனிந்திருந்ததாக ஞாபகம். நிமிர்ந்தபோது மெஷினின் மிதிகட்டை மூழ்கியிருந்தது. பானு ஒரு துணிமூட்டையைத் தூக்கினாள். சாயம் இறங்கி, அரக்கும் மஞ்சளும் ஒன்றில் ஒன்று கலந்திருந்தன. கோடே தெரியவில்லை. இதை நான் வாய்விட்டுச் சொன்னது தவறு என்று அவள் பார்வையில் புரிந்துகொண்டேன்.

வெளியே இடுப்பளவு தண்ணீர். ரத்தினவேலின் மனைவியைத் தீயணைப்பு வீரர்கள் நாற்காலியில் வைத்துத் தோளில் தூக்கிப் படகுக்குக் கொண்டுபோனார்கள். அவருடைய இன்சுலின் ஃப்ரிட்ஜோடு மூழ்கியிருந்தது. படகில் எல்லோருக்கும் இடமில்லை. நாங்கள் மொட்டைமாடியில் மழையில் நின்றோம். ரத்தினவேல் அந்த நாற்காலி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, இப்ப சிவப்பா?”

பார்த்தேன். “இப்ப சிவப்புதாங்க,” என்றேன்.

வெள்ளம் வடிந்ததும் அலுவலகத்தில் ‘மீளாய்வுக் கூட்டம்’ நடந்தது. நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். ஸ்ரீநிவாஸ் சார் திரையில் ஒரு வரைபடத்தைக் காட்டினார்.

“வெள்ளத்தன்னிக்கு ஜனங்க நம்ம ஆப்பை எவ்வளவு நேரம் பார்த்திருக்காங்கன்னு பாருங்க. மத்த ஆப்பையெல்லாம் ரெண்டு நொடி பார்த்துட்டுப் போயிடுவாங்க. நம்மளோடதுலேர்ந்து கண்ணையே எடுக்கல.”

“ரெண்டு நொடி பார்த்துட்டுப் போக வேண்டியவங்க சார் அவங்க,” என்றார் சகாயராணி.

“அதான் சொல்றேன். போகல. அதுதான் நம்ம வெற்றி.” அவர் வரைபடத்தின் உச்சியைத் தொட்டார். “அதுலயும் இந்தப் பயனர். கொள்ளிடக் கரைக்காரர். வீட்டுக்குள்ள தண்ணி வந்த பிறகும் மூடல. இப்படி ஒரு ரசிகரைக் கண்டுபிடிச்சு கௌரவிக்கணும்.”

சகாயராணி என்னைப் பார்த்தார். அறையே என்னைப் பார்த்தது. நான் அடக்கத்தோடு எழுந்து நின்றேன்.

ஒரே ஆள் படைப்பாளியாகவும் ரசிகனாகவும் இருப்பது கலையுலகில் அரிது என்று பாராட்டி, பித்தளையில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். வண்டல் கழுவிய முன்னறையில் அதை மாட்டியிருக்கிறேன். மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்று சாயங்காலம் ரத்தினவேல் எட்டிப் பார்த்தார். பானு துருப்பிடித்த மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள்.

“கேடயமெல்லாம் இருக்கே,” என்றார் அவர். “எதுக்குத் தம்பி குடுத்தாங்க?”

பானு தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

“உங்களைக் கிளம்பவிடாம உக்கார வெச்சதுக்குங்க, பெரியப்பா.”