ஜெயிலக்காவின் ஜன்னல் சீட்டு

உட்கார்ந்த சீட்டைத் தானாக விட்டு எழுந்த ஒரே ஜீவன் இந்த உலகத்தில் எங்கள் ஜெயிலக்காதான். அதுவும் ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ்ஸில், ஜன்னலோர சீட்டை, தினமும்!

பட்டப்பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அவர் எந்தக் கேஸிலும் உள்ளே போனவரில்லை. கணியம்பாடிப் பக்கமிருந்து வரும் எங்கள் பஸ் வேலூர் ஜெயிலைத் தாண்டும்போது விறைப்பாக எழுந்து நிற்பார். சுதந்திரத்துக்காகப் போராடிய பெண்களை அங்கே அடைத்து வைத்திருந்தார்களாம், அவர்களுக்கு மரியாதை. மதில் முடிந்து திரும்பினால், சீட்டில் வேறொருத்தி குறட்டை விட்டுக்கொண்டிருப்பாள். அப்புறம் ஆம்பூர்வரை கம்பிதான் கதி.

டிரைவர் பாஷா பாய் கிண்டல் செய்வார். "இன்னாக்கா, ஜெயில்ல எறங்கிக்கிறியா?"

"நீ வண்டிய ஓட்டு பாய். அவங்க அங்க எறங்குனதாலதான் நாம இப்டி ஜாலியா போறோம்."

"அவங்க பேரெல்லாம் இன்னாக்கா?" என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்.

"ரெண்டு மூணுதான் தெரியும். பேர் தெரிஞ்சாதான் எந்திரிப்பியா நீ?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தேன்.

வினை அக்காவின் முழங்காலில் வந்தது. செக்கிங் மேஜையில் நாள் முழுக்க நின்றே வேலை. பஸ்ஸிலாவது உட்காராவிட்டால் வேலையையே விட வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பெரிகிறது. மறுநாளும் ஜெயில் வந்தது, அக்கா எழுந்தார், சீட்டு போயிற்று. எங்களுக்குப் பழகிய உடம்பு, காலி சீட்டைக் கண்டால் சும்மா இருக்குமா?

தையல் லைன் நூர்ஜஹானுக்குப் பேஜாராகிவிட்டது. அக்கா இல்லாத நேரம் பார்த்து எங்களைப் பிடித்துக்கொண்டாள். "நாளையிலேந்து ஜெயில் வந்தா அல்லாரும் எந்திரிக்கணும். அக்கா உக்காந்தப்புறந்தான் மத்தவ உக்காரணும். இன்னா?"

மறுநாள் மொத்த பஸ்ஸும் எழுந்தது. தீப்பிடித்துவிட்டதென்று பாஷா பாய் பிரேக் போட்டார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பரவால்லடி, ஒங்களுக்கும் நாட்டுப்பற்று இருக்குது!"

முழங்கால்பற்று என்று யாரும் வாய் திறக்கவில்லை. நாளாக ஆக, முழங்காலுக்காகத்தான் எழுகிறோம் என்று சொல்வதும் பொய்யாகிவிட்டது.

இப்போது அக்கா ஆபரேஷன் முடிந்து லீவில் இருக்கிறார். திங்கட்கிழமை வந்துவிடுவார். அவர் இல்லாவிட்டாலும், ஜெயில் வந்தால் நாங்கள் எழுந்து நிற்கிறோம். நேற்று வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண்ணொருத்தி, காலியாகக் கிடந்த ஜன்னலோர சீட்டில் பையை வைத்தாள்.

"ஆள் வருது!" என்றது மொத்த பஸ்ஸும்.