மசமச சார் கண்ணாடியைக் கழற்றினால்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் கலைகளை முழுசாக ரசித்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது.

நான் வேலை பார்த்த ஆபீஸில் அவரும் குமாஸ்தா. மூக்கில் கண்ணாடி இருக்கும்வரை ஃபைலில் ஒரு புள்ளி தப்பாது. தசரா லீவு விட்டதும் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்கக் கிளம்பிவிடுவார். அதனால் ஊர் வைத்த பெயர் மசமச சார்.

“போட்டுக்கிட்டுப் பாத்தா பொம்மை பொம்மையாத்தாங்க தெரியுது. கழட்டிட்டா எல்லாத்துக்கும் உசிர் வந்துருது” என்பார்.

பொய்க்கால் குதிரைக்காரர் ஆடிக்கொண்டு வந்தால் இவர் நடுங்கி ஒதுங்கி, “கடிக்குமாங்க?” என்பார். அதில் குளிர்ந்துபோய் ஆட்டக்காரர் இவருக்கென்றே கால் மணி நேரம் கூடுதலாக ஆடுவார். சித்திரக் கண்காட்சியில் அருவிப் படத்துக்கு முன்னால் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டார். பக்கத்தில் சும்மா நின்ற டிராயிங் மாஸ்டரைப் படம் என்று நினைத்து, “மூக்குதான் கொஞ்சம் கோணல்” என்றார். மாஸ்டர் மூன்று நாள் மூக்கைத் தடவிக்கொண்டே திரிந்தார்.

இவருக்குத் தசராவிலேயே பெண் பார்க்க ஏற்பாடானது. பெண்ணின் அப்பா கந்தர்வக்கோட்டை முந்திரித் தோப்புக்காரர். டவுனில் இருந்த தங்கை வீட்டுக் கொலுவுக்குப் பெண்ணை அழைத்து வந்திருந்தார். துணைக்கு நான் போனேன்.

“கண்ணாடியப் போட்டுக்கங்க” என்றேன் வாசலில்.

“கொலுவப் பாத்துட்டுப் போட்டுக்கிறேன்.”

தோப்புக்காரர் அதிகம் பேசாதவர். கொலுப் படிக்குப் பக்கத்தில், வெற்றுடம்பும் தொந்தியும் சந்தனமுமாக அசையாமல் உட்கார்ந்திருந்தார். மசமச சார் நேரே அவரிடம் போய்க் குனிந்தார்.

“செட்டியார் பொம்மை ரொம்ப ஜோர். தலையாட்டுமா?” என்று கேட்டுக்கொண்டே, நான் தடுப்பதற்குள், மோவாயை விரலால் தட்டிவிட்டார். திகைத்துப்போன தோப்புக்காரரின் தலை இரண்டு தரம் ஆடியது.

“ஆடுது” என்றார் என்னிடம், திருப்தியாக.

பொம்மை எழுந்து நின்றது. “யாருங்க இந்த ஆளு?”

“மாப்பிள்ளைங்க” என்றேன்.

“எந்த மாப்பிள்ளை?”

எனக்கே சந்தேகமாகிவிட்டது. மசமச சார் அவசரமாகக் கண்ணாடியை மாட்டி, நடந்ததைப் பார்த்துவிட்டு, பயத்தில் திரும்பக் கழற்றினார். மன்னிப்புக் கேட்கப் போய், பொம்மைக்கு உசிர் வருகிற விஷயத்தை முழுக்க விளக்கினார். ஒருத்தருக்கும் புரியவில்லை. தோப்புக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். காரியம் கெட்டது என்று நான் செருப்பைத் தேடும்போது உள்ளேயிருந்து பெண்ணின் குரல் கேட்டது.

“ஏன் அத்தே, என்னைய மட்டும் கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாப்பாராமா, கழட்டிட்டுப் பாப்பாராமா?”

கேட்டுவிட்டுக் கதவோரம் வந்து நின்றாள். மசமச சார் மாட்டிப் பார்த்தார். கழற்றிப் பார்த்தார். மறுபடி மாட்டினார். முகமெல்லாம் குழப்பம்.

“ரெண்டு விதமாவும் பாத்துட்டேங்க” என்றார் தோப்புக்காரரிடம். “போட்டாலும் உசிரோடதாங்க இருக்காங்க.”

உள்ளே சிரிப்பு வெடித்தது. தோப்புக்காரர் மகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கொலுவைக்கூட ஒரு தரம் பார்த்தார். பிறகு தங்கையிடம், “காப்பி கொண்டா” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழனாக நிற்க மசமச சாரின் சொந்தத்தில் நாலு பேர் போட்டிக்கு வந்தார்கள். அந்த இடத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.