மஞ்சள் மீற்றரோ, சிவப்பு மீற்றரோ?

பாலையூற்று,
திருகோணமலை.
கார்த்திகை மாதக் கடைசி.

அன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மச்சான் மேர்வின் அறிய, அத்தான் பஸ்தியாம்பிள்ளை எழுதுவது,

மெல்பேணில் நீரும் பிள்ளைகளும் ஒரு தடிமன் காய்ச்சலும் இல்லாமல் இருக்க அந்தோனியார் பார்த்துக்கொள்வாராக. இங்கே நாங்கள் சுகம். உமது அக்கா மாகிரட்டும் சுகம். மூன்று நாளாக என்னோடு கதைக்கிறதில்லை என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை.

மச்சான், நானே துண்டு துண்டாகப் பூட்டி உம்மோடு கதைக்கச் சொல்லி ஈஸ்ரருக்கு நீர் அனுப்பிய றேடியோக் கிற் இன்னும் சீல் உடையாமல் எங்கள் சாப்பாட்டு மேசையில்தான் இருக்கிறது. இதில் என் பிழை ஒன்றும் இல்லை. ‘அத்தான், கரண்ட் அளக்க நல்ல மல்ரிமீற்றர் ஒண்டு கையில இல்லாமல் கிற்றில கை வைக்கப்படாது’ என்று சொன்னவர் நீர். நானோ துறைமுகக் களஞ்சியத்தில் தலை நரைத்தவன். அளக்கிற கருவி பக்கத்தில் வராமல் பெட்டியின் சீலை உடைத்த எவனும் அங்கே நிம்மதியாகப் பென்சன் எடுத்ததில்லை. ஆகவே முதலில் மீற்றர், பிறகு பெட்டி என்று இருந்துவிட்டேன். ஈஸ்ரர் போய், பாலன் பிறக்கிற நத்தாரும் வரப்போகிறது. நாங்கள் இன்னும் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறோம்.

உமக்கு இது விளையாட்டு. எனக்கு அப்படியில்லை. நீர் வட்ஸ்அப்பில் எடுத்தால் போன் உமது அக்காவின் கையில். கருவாட்டு விலை, கோயில் திருநாள், ஆற்றை பிள்ளை ஆரைக் கலியாணம் முடித்தது என்று எல்லாம் கதைத்து, பற்றரி சாகிற நேரத்தில் ‘இந்தாங்கோ, நீங்களும் கதையுங்கோ’ என்று நீட்டுவார். நான் ‘மச்சான், எப்படி’ என்று தொடங்க போன் அணைந்துவிடும். நீர் கப்பலேறின நாளிலிருந்து உம்மோடு ஒரு வசனத்தை முழுதாகக் கதைத்து முடித்த ஞாபகம் எனக்கில்லை. அதற்காகத்தான் இந்த வயதில் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்து, சோதனை எழுதி, றேடியோ அனுமதிப்பத்திரம் எடுத்தேன். அது இல்லாதவர் றேடியோவில் கதைக்க ஏலாது. அது என் பெயரில் இருக்கிறது, மாகிரட்டின் பெயரில் இல்லை. நத்தார் அன்று நான் ‘ஓவர்’ சொல்லும்வரை நீரும் வாய் திறக்க ஏலாது, உமது அக்காவும் மைக்கைத் தொட ஏலாது. எனக்கு அது வேண்டும் மச்சான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அது ஒன்றுதான் வேண்டும்.

சரி என்று துறைமுக வீதிப் பக்கம் முனீப்பின் மின்சாரச் சாமான் கடைக்குப் போனேன். அவர் கண்ணாடி மேசையில் மீற்றர்களைப் பரப்பினார். மஞ்சளில் எந்த அளவு என்று நாங்கள் திருகத் தேவையில்லை, அதுவே கண்டுபிடிக்குமாம். சிவப்பில் நாங்கள்தான் திருக வேண்டும், ஆனால் அது ட்ரான்சிஸ்ரரும் பார்க்குமாம். தானாகக் கண்டுபிடிக்கிறவனை நம்பலாமா என்று களஞ்சியப் புத்தி கேட்டது. கையால் திருகினால் என் கை நடுங்குமே என்று வயது கேட்டது. நான் இரண்டையும் மாறி மாறித் தூக்கிக்கொண்டிருக்க, பின்னால் பல்ப் வாங்க வந்தவர்கள் வரிசையாக நின்றார்கள். ‘சேர், ரெண்டையும் கொண்டு போங்க. வீட்டில ஆறுதலாப் பாத்துட்டு வேணாததத் திருப்பித் தாங்க. எனக்கு யாவாரம் பாக்கணும்’ என்று முனீப் இரண்டையும் பையில் போட்டு, என்னை வாசல்வரை கூட்டிவந்து விட்டார்.

வீட்டுக்கு வந்து சுவர் மணிக்கூட்டின் பற்றரியைக் கழற்றி அளந்தேன். மஞ்சள் ஒன்று சொன்னது, சிவப்பு அதைவிடக் கொஞ்சம் கூடச் சொன்னது. எது பொய் என்று தெரியாமல் ரோச், ரீவி றிமோட், உமது அக்காவின் பிறஷர் பார்க்கிற மெசின் என்று வீட்டில் இருந்த பற்றரி முழுவதையும் கழற்றி அளந்தேன். எல்லாவற்றிலும் சிவப்பே கூட. இந்த அலுவலில் மணிக்கூட்டுக்குப் பற்றரியைத் திரும்பப் போட மறந்துபோனேன். ஞாயிறு காலை உமது அக்கா நின்றுபோன மணிக்கூட்டைப் பார்த்து ஆறுதலாகப் பவுடர் பூசி, சேலை உடுத்துக் கோயிலுக்குப் போக, சனம் பூசை முடிந்து வெளியே வந்துகொண்டிருந்ததாம். அன்றைக்கு நின்ற கதை இன்னும் தொடங்கவில்லை.

அதோடு விட்டதா? பக்கத்து வீட்டுப் பாக்கியரத்தினம் தன் ஓட்டோவின் பற்றரியைப் பார்த்துத் தரச் சொன்னார். நான் சிவப்பு மீற்றரின் வயரைப் பிழையான ஓட்டையில் செருகிவிட்டேன் போல. ‘டப்’ என்று ஒரு சத்தம். உள்ளே பியூஸ் போய்விட்டது. அதற்குப் பிறகு எதைத் தொட்டாலும் பூச்சியம். ‘நேற்றுவரைக்கும் ஓடின ஓட்டோ அண்ணை! உங்கட மீற்றர் தொட்டுத்தான் பற்றரி செத்தது’ என்று அவர் ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தினார். ஓட்டோவை ஸ்ராட் பண்ணிப் பாருங்கள் என்றேன், உடனே ஸ்ராட் ஆனது. அதற்குப் பிறகும் கோபம் தணியாமல் அதிலேயே ஏறிப் போய்விட்டார்.

இப்போது சிவப்பைத் திருப்பிக் கொடுக்க முகமில்லை. மஞ்சளை நம்ப மனமில்லை. நீரே ஒரு சொல் சொல்லும்: மஞ்சளா, சிவப்பா, அல்லது வேறொன்றா? அதுவரைக்கும் பெட்டியைத் திறக்கமாட்டேன். பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள். ஆண்டவர் உமது வீட்டையும் அதன் கூரைமேல் நிற்கிற அன்ரனாவையும் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு, உமது வசனம் முடியாத அத்தான்,
பஸ்தியாம்பிள்ளை.

பி.கு: முத்திரை வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால், நத்தார்ப் பலகாரத்துக்கு மேசை வேண்டும் என்று உமது அக்கா மீன் வெட்டுகிற கத்தியால் பெட்டியைத் திறந்து வைத்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலே, பஞ்சில் சுற்றி, ஒரு நீல மல்ரிமீற்றர். ‘இதுக்கோ இவ்வளவு நாளும் மடியில வைச்சுச் சாப்பிட்டனாங்கள்?’ என்று மூன்று நாளைக்குப் பிறகு வாய் திறந்தார். திறந்த வாயோடு, ‘அந்த றேடியோச் சோதினை பொம்பிளையளும் எழுதலாமோ?’ என்றும் கேட்டார். நானும் யோசிக்காமல் ‘ஓம்’ என்றுவிட்டேன். இப்போது என் சோதனைப் புத்தகம் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. பாதிக்கு மேல் படித்துவிட்டார். உமது அக்காவின் கெட்டித்தனம் உமக்குத் தெரியும். நத்தார்வரை பொறுக்க ஏலாது மச்சான். நான் இன்றைக்கே கிற்றைப் பூட்டத் தொடங்குகிறேன். அவர் பாஸாகிறதுக்கு முந்தி ஒருக்கால் றேடியோவில் வாரும்.