ஒன்பதாம் வகுப்புக் காபி

டொக்!

என் மனைவி காபி டம்ளரை மேசையில் வைத்த சத்தம் அது. வருஷங்கள் ஆகியும் காதை விட்டுப் போகவில்லை.

ஒரு வாய் குடித்தேன். சர்க்கரை இல்லை. பால் இருந்ததற்குச் சாட்சி இல்லை.

"என்ன இது?"

"ஒன்பதாம் வகுப்புக் காபி."

எல்லாம் என் திட்டத்தின் விளைவு. பள்ளி முடித்ததும் வெளிநாட்டில்தான் படிப்பேன் என்று, அப்போதுதான் ஒன்பதாவதில் நுழைந்திருந்த மகள் ஒற்றைக்காலில் நின்றாள். அவள் கேட்ட கல்லூரி நூறு பேர் வந்தால் நாலு பேரைச் சேர்க்கும். முழு உதவித்தொகை கிடைத்தால்தான் எங்களால் அனுப்பவும் முடியும். மாடிவீட்டு வங்கிக்காரரின் மகன் அப்படிப்பட்ட ஒன்றில் இடம் வாங்கியிருந்தான். எப்படி என்று கேட்டேன்.

"சார், அவங்களுக்கு நம்ம பள்ளிக்கூடத்தப் பத்தி என்ன தெரியும்? அதனால நாலு வருஷ மார்க்கையும் வரிசையா வச்சுப் பார்ப்பாங்க. என் பையன் ஒன்பதாவதுல தரையோட தரை. அப்புறம் வருஷா வருஷம் ஏறினான். அந்த ஏறுமுகம் அவங்களுக்குப் பிடிச்சுப்போச்சு."

நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். எனக்கா ஏற்ற இறக்கம் தெரியாது? மேல்தளத்திலேயே நிற்கிற லிஃப்ட் எப்படி ஏறும்? முதலில் இறக்க வேண்டும். என் மகளோ தொண்ணூற்றைந்துக்குக் கீழே வந்ததே இல்லை. பாவம், ஏற இடமே இல்லாத பெண்!

அன்றே அறிவித்தேன்: "ஒன்பதாவதுல எழுபது போதும். அதுக்கு மேல ஒரு மார்க் வாங்கினாலும் கெட்ட கோபம் வரும்."

"அப்பா, உடம்பு சரியில்லையா?" என்றாள் மகள்.

மறுநாள் காலை, டொக்.

"ஏங்க, எப்பவும் நல்ல காபியே போட்டா நான் எப்போ முன்னேறுறது? பத்தாவதுல சர்க்கரை போடுறேன். பதினொண்ணுல பால். பன்னிரண்டுல பாருங்க, அமிர்தம்!"

"அதுவரைக்கும்?"

"ஏறுமுகத்த ரசிங்க."

நானும் விடவில்லை. கண்ணை மூடிக் குடித்தேன். சோறும் ஒன்பதாம் வகுப்புக்கு இறங்கியது. சட்டைக்கு முன்பக்கம் மட்டும் இஸ்திரி. என் முதுகைப் பார்த்த மேலாளர், "வீட்ல ஊருக்குப் போயிருக்காங்களா?" என்று இரக்கத்தோடு விசாரித்தார். கொள்கைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டேன். சோற்றிலும் கடிக்க நிறைய இருந்தது.

ஆண்டுத் தேர்வு முடிவு வந்தது. தொண்ணூற்றேழு.

"எழுபதுன்னு சொன்னேனே!"

"அம்மா அன்னைக்கே சொல்லிட்டாங்கப்பா. 'அவர் காபியோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கட்டும், உன் பக்கம் வரமாட்டார். நீ போய்ப் படி'ன்னு."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தக் கல்லூரிக்கே மெயில் போட்டுக் கேட்டேங்க. விழுந்து எழுந்தவங்களயும் ஒதுக்க மாட்டாங்களாம். அதுக்காக விழாதவள எதுக்குத் தள்ளிவிடணும்? மேல்தளத்துக்கு வந்து சேர்ந்தவங்கள, ஏறுற அழகக் காட்டுங்கன்னு நீங்க திரும்பக் கீழ இறக்குவீங்களா?"

லிஃப்ட்காரனிடம் கேட்கக் கூடாத கேள்வி. மறுநாளே காபி பன்னிரண்டாம் வகுப்புக்குத் தாவியது. விட்டதைப் பிடிக்க நாளுக்கு நாலு தடவை குடித்தேன்.

மகளுக்கு உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. அங்கேயே வேலை, அங்கேயே வீடு என்று ஆகிவிட்டது. இங்கே அவள் அறையில் நாங்கள் விளக்குப் போடுவதில்லை.

எனக்கும் ஒரு வரைபடம் கிடைத்தது. டாக்டர் போட்டுக் காட்டினார். ரத்தத்தில் சர்க்கரை, வருஷா வருஷம் ஏறுமுகம். இப்போது தினமும் ஒன்பதாம் வகுப்புக் காபிதான் குடிக்கிறேன்.