பல் டாக்டர் குடுமியாரைப் புறங்கண்ட படலம்

வாழி! பிடிவாதக் கடைவாய்ப் பற்களின் காலனே, ‘வலிக்காது’ என்னும் ஒற்றைப் பொய்யால் ஊரையே வாய்பிளக்க வைத்த வித்தகனே, எட்டுத் திங்கள் படுக்கையறைக் கதவைத் தாழிட்டு, மச்சானிடம் இரவல் வாங்கிய மரக் கிட்டாரை வதைத்த தவசீலனே, பல் டாக்டரே, நீவிர் வாழி! கலைமகளே, உனக்கும் ஒரு விண்ணப்பம்: இப்படலம் முடியும்வரை காதைப் பொத்திக்கொள்.

அம்மாவீரர் போர்க்கோலம் பூண்டது செந்நிற எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றின் பொருட்டு. குறுக்கே நின்றது மதிலன்று, அகழியன்று. சட்டைக்கு இஸ்திரி போட்டபடியே மனைவியார் பிறப்பித்த அரசாணை.

“ஒரே ஒரு பாட்டு. நடுவுல நிக்காம, முழுசா, என் காதால கேக்கணும். கேட்டா அன்னைக்கே வாங்கிக்கலாம். இல்லன்னா இந்தப் பேச்சே இனி வீட்டுல கூடாது.”

இசைக்கருவிக் கடையில், கைப்பையை மடியில் இருத்தி, ஸ்டூலே அரியணையாக நீதியரசி அமர்ந்தார். எதிரே, தலையில் குடுமி, தோளில் கடைக் கிட்டார், காலடியில் ஓர் ஆம்ப்ளிஃபயர் எனக் குடுமியார். ‘ஒருவருக்குப் பத்து நிமிடம்’ என்ற அறிவிப்புப் பலகைக்கு நேர் கீழே, அரைமணி நேரமாக ஒரே மூன்று சுரங்களைப் பாத்திரம் தேய்ப்பதுபோல் தேய்த்துக்கொண்டிருந்த தீரர் அவர். நம் நாயகர் நாகரிகம் மிக்கவராதலின் இருமினார். மீண்டும் இருமினார். மூன்றாம் இருமலுக்குக் குடுமியார் தலை நிமிராமலே அபயம் அளித்தார்.

“இன்னும் ரெண்டே நிமிஷம் சார்.”

அதை அவர் ஏற்கெனவே இருமுறை அளித்திருந்தார்.

இனிப் பொறுப்பதில்லை எனப் பொங்கியெழுந்த பல்வேந்தர், செந்நிறக் கிட்டாரைத் தோளில் மாட்டி, பக்கத்தில் ஃபிரிட்ஜ் உயரத்துக்கு நின்ற இன்னொரு ஆம்ப்ளிஃபயரில் ஒயரைச் செருகி, பிக் என்னும் பிளாஸ்டிக் சில்லை வாளென ஓங்கிக் கம்பிகளின் மேல் வீழ்ந்தார். சத்தம் வரவில்லை. ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருகினார்; வரவில்லை. பத்து என்ற எண்வரைக்கும் திருகினார், அப்போதும் வரவில்லை. கிட்டாரிலேயே இன்னொரு ஒலிக் குமிழ் உண்டு, அது பூச்சியத்தில் கிடக்கிறது என்பதை அவர் அறியார். மச்சானின் மரக் கிட்டாரில் குமிழ் ஏது? சுண்டுவிரலில் தட்டுப்பட்ட அந்த உருண்டையை, இதுவும் என்னவோ என்று கடைசிவரை திருகிவிட்டுக் கம்பிகளை ஓர் அறை அறைந்தார்.

ஊழி வந்தது. சுவரில் தொங்கிய கிட்டார்கள் எல்லாம் ஓலமிட, டிரம் தட்டுகள் தாமே நடுங்க, கடைக்காரர் மேசைக்கடியில் புக, குடுமியார் ஒயரைப் பிடுங்கியெறிந்து வாசல் வழியே தெருவில் பாய்ந்து மறைந்தார். வெற்றி! தவழ்ந்து வந்த கடைக்காரர் குமிழை இரண்டுக்குக் குறைத்தார்.

வாகை சூடிய வீரர் கண்களை மூடினார். மூடினால்தான் அவருக்கு வாசிக்க வரும். இரண்டரை நிமிடம், ஓரிடத்திலும் நிற்காமல், முழுப் பாட்டு. கிண்டல் செய்யவே பிறந்த இந்த வாயே சொல்கிறது: நன்றாகத்தான் இருந்தது. கடைக்காரர் கைதட்டினார்.

கண் திறந்தார். ஸ்டூலில் கைப்பை மட்டும் இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, இரு காதுகளையும் உள்ளங்கைகளால் அடைத்தபடி, முதுகைக் காட்டி நின்றிருந்தார் நீதியரசி. கடைக்காரர் போய்த் தோளைத் தட்டிய பிறகே கைகளை இறக்கி உள்ளே வந்தார்.

“சத்தம் நின்னுடுச்சா? சரி, ஆரம்பிங்க.”

“மேடம், சார் முழுசா வாசிச்சுட்டாரு, சத்தியமா!” என்று முழங்கினார் கடைக்காரர்.

“விக்கிறவரு வேற என்ன சொல்வீங்க?”

லாபநோக்கமற்ற சாட்சி வேண்டுமென்றால் அதற்குத் தகுதியானவர் குடுமியார் ஒருவரே. அவரைத்தான் சற்றுமுன் நம் வீரர் வீரத்தோடு விரட்டியடித்திருந்தார்.

மீண்டும் பிக்கை ஏந்தினார் பல்வேந்தர். மனைவியார் மறுபடி எழுந்து போய்விடுவாரோ என்ற அச்சத்தில் இம்முறை கண்களை மூடவேயில்லை. நீதியரசியின் திருமுகத்தையே இமைகொட்டாமல் நோக்கியபடி வாசித்து, ஐந்தாம் வரியில், புயலில் சிக்கிய மரக்கலமென ஆடி, அலைந்து, நின்றார்.

அந்த பிக்கை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.