காட்டு மனிதனும் பலாமரமும்

ஞாயிறு பூசையில் ஆண்ட்ரூஸால் கண்ணை மூடி ஜெபிக்க முடியவில்லை. முன்வரிசையில் நின்ற அண்ணன் ஆரோக்கியமுத்துவின் கழுத்தில், வாட்ச் அகலத்துக்கு ஒரு வெள்ளி வில்லை புதிதாகத் தொங்கியது. அதில் தாடிக்காரர் ஒருவர் வேரோடு பிடுங்கிய மரத்தை ஊன்றி நின்றார்.

“கிறிஸ்தோபர் சாமி. மாமனார் வீட்டுப் பழைய சாமான்,” என்றார் அண்ணன். பூசை முடிந்ததும் ஆவூர்ப் பெண்கள் வரிசையாக வந்து அதை முத்தமிட்டார்கள்.

ஆண்ட்ரூஸுக்கு வயிறு எரிந்தது. ரகசியமாகப் படமெடுத்துச் செல்போனில் தேடினான். அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் கத்தினான்.

“இது சாமியே இல்லைங்க! ஜெர்மனியில நானூறு வருசத்துக்கு முந்தி ஒரு குட்டி ராஜா அடிச்ச வெள்ளிக்காசு. தாலர்னு பேரு. இவன் காட்டு மனுசன். இடுப்பப் பாருங்க, வெறும் எலை!”

பெண்கள் விலகினார்கள். ஆண்கள் நெருங்கினார்கள்.

“ஜெர்மனி ராஜா காசா! எங்க, காட்டுங்க!”

அண்ணன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காட்டினார். ஆண்ட்ரூஸுக்குச் சோறு இறங்கவில்லை. கனவில் அந்தக் காட்டு மனிதன் பனியில் நடந்து நடந்து ஆவூருக்கு வந்தான். வந்தவன் அண்ணன் வீட்டுக் கதவை மட்டும் தட்டினான். விடிந்ததும் ஆண்ட்ரூஸே போய் அந்தக் கதவைத் தட்டினான்.

“அந்தக் காச எனக்குக் குடுண்ணே.”

“அம்மணக்கட்டைன்னு சொன்னியே, ஒனக்கெதுக்குடா?”

“பதிலுக்கு எது வேணாலும் கேளு.”

அண்ணன் வேலிக்கு அங்கிட்டுப் பார்த்தார். அடிமரமெல்லாம் காய்த்து நின்றது ஆண்ட்ரூஸின் பலாமரம்.

“அந்த மரம்... சேச்சே, வேணாம். டயானா திட்டும்.”

“அவ கெடக்குறா!”

மனைவி டயானா திட்டவில்லை. பேசுவதையே நிறுத்திவிட்டாள். காசைப் போட்டுக்கொண்டு ஆண்ட்ரூஸ் வாசலில் உட்கார்ந்தான்; ஒருவரும் வரவில்லை. ஊரே அதை ஏற்கெனவே பார்த்தாயிற்று. எல்லோரும் இப்போது அண்ணன் வீட்டில் பலாச்சுளை தின்றுகொண்டிருந்தார்கள்.

பெரிய ஆள் யாராவது காசைப் புகழ்ந்தால் ஊர் திரும்பிப் பார்க்கும் என்று நினைத்து, புதுக்கோட்டையில் பழங்காசு விற்கும் ஆத்மநாதனிடம் போனான்.

“ஆவூர்லேர்ந்து வாரேங்க. எங்க அண்ணன் ஆரோக்கியமுத்துகிட்ட வாங்குனது.”

அவர் காசை மேசைமேல் போட்டார். டொக்கென்று விழுந்தது.

“ஈயத்துல வார்த்து முலாம் பூசுன போலிங்க. போன மாசமே ஒங்க அண்ணன்கிட்ட சொன்னேனே.”

“அண்ணனுக்குத் தெரியுமா? பெறகு ஏன் அதக் கழுத்துல மாட்டிக்கிட்டுத் திரிஞ்சாரு?”

“நானும் அதத்தாங்க கேட்டேன். ‘பலா பழுக்குறதுக்குள்ள என் தம்பி இத ஒருவாட்டி பாத்துட்டாப் போதும் சார்’னாரு.”